ரைசன் 7 7700எக்ஸ்: கூலரை மாற்றுவதா, பெட்டியின் காற்றோட்டத்தைச் சரிசெய்வதா?

இளவேனில் (கேள்வி)

வணக்கம். சில மாதங்களுக்கு முன் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, நானே ஒரு மேசைக் கணினியைப் பூட்டினேன். செயலி ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 7700எக்ஸ். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஏறத்தாழ 300 வாட் எடுக்கக்கூடியது. செயலியின் மேல், வெப்பத்தைக் கடத்தும் நான்கு குழாய்களும் (ஹீட் பைப்) ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட ஒற்றை டவர் கூலர், அதாவது ஒரே தகட்டு அடுக்குள்ள கூலர், இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கின்றன. பின்பக்கத்தில் ஒன்றும் மேல்பக்கத்தில் இரண்டும் வெளியே தள்ளுகின்றன. முன்பக்கம் முழுவதும் கண்ணாடிப் பலகை. அதன் ஓரங்களில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டுமே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

காணொளியை ரெண்டர் செய்ய, அதாவது தொகுத்ததை இறுதிக் கோப்பாக மாற்ற, தொடங்கிய சில விநாடிகளிலேயே செயலி 95 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வேலை முடியும்வரை அங்கேயே நிற்கிறது. விளையாட்டுகளில் 80 டிகிரி வரை போகிறது. அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது சத்தம்: ஓர் உலாவியைத் திறந்தால்கூட விசிறி ஒரு கணம் சீறிவிட்டு அடங்குகிறது.

இரட்டை டவர் கூலர் வாங்கலாமா, அல்லது 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட, திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலருக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். பெட்டியில் 160 மில்லிமீட்டர் உயரம் வரையிலான கூலர்தான் பொருந்தும். ரேம்களும் சற்று உயரமானவை, 44 மில்லிமீட்டர் இருக்கும். பணம் செலவழிக்கும் முன் எது உண்மையான குறை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கார்முகில்

முதலில் 95 டிகிரியைப் பற்றிய அச்சத்தைச் சற்றுத் தணித்துக்கொள்ளுங்கள். ரைசன் 7000 வரிசையில் எக்ஸ் என்று முடியும் செயலிகளை, சுமை முழுமையாக இருக்கும்போது வெப்ப எல்லையான 95 டிகிரி வரை சென்று, அந்த எல்லைக்குள் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும்படிதான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது. ஆகவே அந்த எண் செயலி கெட்டுப்போவதற்கான அறிகுறி ஆகாது. ஆனால் கூலர் இன்னும் நன்றாக வெப்பத்தை எடுத்தால் அதே 95 டிகிரியில் செயலி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதால், ரெண்டரின்போது வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கூலரை எடைபோட முடியாது. கடிகார வேகத்தையும் வாட் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, செயலியின் விவரப் பட்டியலில் உள்ள டிடிபி எண்ணை, அதாவது கூலரைத் தேர்வதற்காகத் தயாரிப்பாளர் தரும் வெப்ப அளவை, அது எடுக்கும் மின்சாரத்தின் உச்சமாகக் கொள்ளாதீர்கள். 7700எக்ஸின் டிடிபி 105 வாட். ஆனால் சாக்கெட், அதாவது தாய்ப்பலகையில் செயலி பொருந்தும் இடம், வழியாக அது 142 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இன்டெல் பக்கமும் இதே கதைதான்: கோர் ஐ7 13700கே செயலிக்கு அடிப்படை அளவு 125 வாட், உச்ச அளவு 253 வாட். கூலர் தயாரிப்பாளர்கள் அட்டைப்பெட்டியில் அச்சிடும் வாட் எண்ணுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பொதுவான சோதனை முறை எதுவும் இல்லாததால், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரெண்டரையும் விளையாட்டையும் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் 20 நிமிடம், முதலில் பெட்டியை மூடியும் பிறகு பக்கவாட்டுப் பலகையைக் கழற்றியும் ஓட்டுங்கள். கூலர் என்பது தான் இழுக்கும் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே செயலியை வைத்திருக்கும் ஒரு கருவிதான். உள்ளே வரும் காற்று 10 டிகிரி சூடாக இருந்தால் செயலியும் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகத்தான் இருக்கும். பலகையைக் கழற்றியதும் வெப்பநிலை வெகுவாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில். பெரிதாக மாறவில்லையென்றால் குறை கூலரிலோ அது பொருத்தப்பட்ட விதத்திலோ. அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் நீங்கள் தரும் எண்ணை வேறொருவரின் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியாது.

இளவேனில்

நீங்கள் சொன்னபடியே செய்தேன். அறை வெப்பநிலை 29 டிகிரி.

ரெண்டர், பெட்டி மூடிய நிலையில்: 95 டிகிரி, 4.85 கிகாஹெர்ட்ஸ், 128 வாட். பலகையைக் கழற்றிய பின்: அதே 95 டிகிரி, 4.95 கிகாஹெர்ட்ஸ், 135 வாட்.

விளையாட்டு, மூடிய நிலையில்: செயலி 80, கிராஃபிக்ஸ் கார்டு 82. கழற்றிய பின்: செயலி 69, கார்டு 73. இரு முறையும் செயலி எடுத்தது 78 வாட் அளவில்தான்.

ஒரே கணினி இரண்டு விதமாகப் பதில் சொல்கிறதே என்று குழப்பமாக இருக்கிறது.

ஆழியலை

குழப்பம் வேண்டாம், உங்களிடம் இருப்பவை இரண்டு தனிச் சிக்கல்கள். விளையாட்டின்போது காற்றோட்டம்தான் தடை என்பதற்கு அந்த 11 டிகிரி இறக்கமே சாட்சி. ரெண்டரின்போது கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் சும்மா இருப்பதால் பெட்டிக்குள் சூடு அதிகம் சேர்வதில்லை. அங்கே கூலர் போதவில்லை, அல்லது சரியாக உட்காரவில்லை. நான் காற்றோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கணக்கு எளிமையானது. விளையாட்டின்போது பெட்டிக்குள் ஏறத்தாழ 400 வாட் வெப்பம் வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 50 கன அடி காற்று உள்ளே வந்து வெளியேறினால், வெளியேறும் காற்று உள்ளே வந்ததைவிட 14 டிகிரி சூடாக இருக்கும். 100 கன அடியானால் 7 டிகிரி. 200 ஆனால் மூன்றரை. அதாவது காற்றே போதாத பெட்டியில் சிறிது வழி திறந்தாலும் பலன் கண்கூடாகத் தெரியும். ஏற்கெனவே தாராளமாகக் காற்று போகும் பெட்டியில் மேலும் மேலும் விசிறி சேர்ப்பதால் சத்தம்தான் மிஞ்சும். விசிறியின் அட்டையில் 60 கன அடி, 70 கன அடி என்று போட்டிருப்பது எதிரே தடையே இல்லாத நிலையில் அளந்தது. கண்ணாடியும் தூசி வலையும் மறைக்கும்போது அதில் எத்தனை மிஞ்சும் என்பது அந்த விசிறி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கித் தள்ளும் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் முன்பக்கத்துக்கும் ரேடியேட்டருக்கும் விசிறி தேர்ந்தெடுக்கும்போது காற்றின் அளவைவிட நிலை அழுத்தத்தை, அதாவது ஸ்டாட்டிக் பிரஷர் எண்ணை, முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் பெட்டியில் நான் சந்தேகப்படுவது இரண்டு இடங்களை. ஒன்று அந்தக் கண்ணாடி முகப்பு. இன்னொன்று மேல்பக்கத்தில் முன்னால் இருக்கும் விசிறி. முன்பக்க மேல் விசிறி உள்ளே இழுக்கும் குளிர்ந்த காற்றை, அது செயலியின் கூலரைச் சென்றடையும் முன்பே இந்த விசிறி பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. சூடான காற்று மேலே எழும், ஆகவே மேலே எத்தனை விசிறி வைத்தாலும் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் ஒரு சாதாரண விசிறியே உண்டாக்கும் ஓட்டத்துக்கு முன்னால், சூட்டினால் தானாக எழும் காற்றின் விசை மிக அற்பமானது. பெட்டிக்குள் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை விசிறிகளே முடிவு செய்கின்றன. முன்னாலிருந்து கூலர் வழியாகப் பின்பக்க விசிறியை நோக்கி ஒரு நேர்ப்பாதை, கீழே கார்டுக்கு நேராக ஒரு தனி வழி: இவ்வளவு போதும்.

கருவி எதுவும் இல்லாமலே இதைப் பார்த்துவிடலாம். மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு விரல் அகலக் கீற்றைக் கிழித்து, விசிறிகள் ஓடும்போது முகப்புக் கண்ணாடியின் ஓர இடைவெளியில் பிடியுங்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலைக்கு எதிரே பிடியுங்கள். கையில் அந்தத் தாள் நடந்துகொள்ளும் விதத்திலேயே வேறுபாடு தெரியும்.

உள்ளே வருவதைவிட வெளியே தள்ளுவது அதிகமாக இருந்தால், வலை இல்லாத ஒவ்வொரு பொந்து வழியாகவும் காற்றும் தூசியும் உள்ளே இழுபடும். உங்களிடம் இப்போது இருப்பது அந்த நிலைதான்: இரண்டு உள்ளே, மூன்று வெளியே. மேல்பக்க முன் விசிறியைக் கழற்றி, முன்பக்கத்தில் மூன்றாவது இடம் இருந்தால் அங்கே உள்ளிழுக்கும்படி பூட்டுங்கள். சட்டம் குறுக்கே ஓடும் பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெரும்பாலான விசிறிகளுக்கு இது பொருந்தும்.

வெண்கலம்

நான் கூலரைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் ரெண்டர் எண்கள் எனக்குச் சற்று உறுத்துகின்றன. பலகை திறந்திருக்கும்போது 135 வாட்டுக்கு அறையைவிட 66 டிகிரி மேலே என்பது, நான்கு ஹீட் பைப் கூலருக்குக்கூட மோசம். 7700எக்ஸில் கோர்கள் அமைந்திருக்கும் சில்லு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான்; அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பத்தை எடுப்பது எந்தக் கூலருக்கும் கடினம் என்பது உண்மை. ஆயினும் புதுக் கூலர் வாங்கும் முன் இருப்பதை ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். என் முதல் கணினியில் செயலி சில நிமிடங்களில் எல்லையைத் தொட்டு வேகம் குறைந்துவிடும். விசிறிகளை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன். கடைசியில் கூலரைக் கழற்றியபோது அதன் அடித்தட்டில், எச்சரிக்கை அச்சிட்ட அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. செயலிக்கும் கூலருக்கும் இடையே இடும் பேஸ்ட் முழுவதும் அதன் மேல்தான் பரவியிருந்தது. நான்கு மாதங்களை அந்தப் படலம் தின்றுவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கூலரையும் பூட்டும் முன் அடித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் இருந்ததில்லை.

கழற்றும் முன் கணினியை ஐந்து நிமிடம் சுமையில் ஓட்டிப் பேஸ்ட்டை இளகச் செய்துவிட்டு, கணினியை அணைத்து மின்சாரத்தைத் துண்டித்த பின் கூலரை மெல்லத் திருகி எடுங்கள். செயலியின் மூடியிலும் அடித்தட்டிலும் பேஸ்ட் பதிந்திருக்கும் தடத்தைப் படித்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். நடுவில் உலோகம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய, சீரான படலம் இருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் திட்டாகவும் இருந்தால், ஒரு திருகை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறீர்கள் என்று பொருள். இரு பக்கத் திருகுகளையும் சில சுற்றுகளாக மாற்றி மாற்றி, அவை தாமாக நிற்கும்வரை இறுக்க வேண்டும். பேஸ்ட்டின் வேலை இரு உலோகங்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவது மட்டுமே. செம்போடு ஒப்பிட்டால் அது வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும், காற்றோடு ஒப்பிட்டால் எத்தனையோ மடங்கு மேல். ஆகவே உலோகங்கள் நெருங்க நெருங்க நல்லது.

அதன் பிறகும் பெரிய கூலர் வேண்டுமென்று தோன்றினால் அளவைப் பாருங்கள். நாக்டுவா என்எச்-டி15 உயரம் 165 மில்லிமீட்டர். உங்கள் பெட்டியில் கதவு மூடாது. தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர், ஆறு ஹீட் பைப்புகள். நாக்டுவா என்எச்-யு12ஏ 158 மில்லிமீட்டர், ஏழு ஹீட் பைப்புகள். இவை உயரத்தில் பொருந்தும். ஆனால் இரட்டை டவர் கூலரின் முன் விசிறி ரேமின் மேல் வந்து நிற்கும். ரேம் உயரமாக இருந்தால் விசிறியை மேலே தூக்கிப் பொருத்த வேண்டும், தூக்கிய அளவு கூலரின் மொத்த உயரத்தில் கூடும். 155க்கும் 160க்கும் இடையே உங்களுக்கு இருப்பது 5 மில்லிமீட்டர்தான். அப்படி இடிக்கும்போது முன் விசிறியை எடுத்து, பின் டவரின் பின்னால் பொருத்திவிடலாம், இழப்பு சொற்பம்.

லிக்விட் கூலரை நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது முதல் மருந்து ஆகாது. ஹீட் பைப்புக்குள்ளும் நீர்தான் இருக்கிறது: சிறிதளவு நீர், குறைந்த அழுத்தத்தில், அடித்தட்டில் ஆவியாகித் தகடுகளில் குளிர்ந்து, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாகத் தானே திரும்பி வருகிறது, நகரும் பாகம் எதுவும் இல்லை. லிக்விட் கூலரில் பம்ப் ஒன்று ஓட வேண்டும், அது என்றாவது தேயும். குழாய்ச் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் சிறிது நீரும் குறையும். அதன் உண்மையான நன்மை, வெப்பத்தை வெளியேற்றும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதும், 250 வாட் போன்ற பெரிய சுமைக்கு அகன்ற ரேடியேட்டர் கிடைக்கும் என்பதும்தான். ஆனால் ரேடியேட்டரை முன்னால் வைத்தால் கார்டுக்குச் சூடான காற்று போகும். மேலே வைத்தால் கார்டு சுடவைத்த காற்றைக் கொண்டுதான் அது குளிர வேண்டும். காற்று வராத பெட்டியில் இரண்டுமே அரைகுறை. எப்படி வைத்தாலும், சுற்றுக்குள் இருக்கும் காற்றுக்குமிழி உயரமான இடத்தில்தான் போய்ச் சேரும் என்பதால், பம்ப் அந்த உயரமான இடமாக இருக்கக் கூடாது.

கார்முகில்

வெண்கலம் சொன்னதோடு உடன்படுகிறேன். சத்தத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், கேள்வியில் அதுதான் முதலில் உறுத்தியது என்பதால். இன்றைய செயலிகளில் ஒரு கோர் ஒரு கணம் வேகமெடுத்தாலே வெப்பநிலைமானி 15 டிகிரி துள்ளும். ஆனால் கூலரின் உலோகம் அந்தக் கணத்தில் சூடாகியே இருக்காது. விசிறி அந்தத் துள்ளலைத் துரத்துவதில் எந்தப் பலனும் இல்லை. பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், எந்த வெப்பநிலைக்கு விசிறி எவ்வளவு வேகம் என்று சொல்லும் விசிறி வளைவுக்கு அருகிலேயே, மாற்றத்துக்கு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். அதை 5 விநாடி அளவில் வையுங்கள். 70 டிகிரி வரை வளைவைத் தட்டையாக விட்டு, அதன் பிறகு ஏறும்படி அமையுங்கள்.

விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றும் இரட்டிப்பாகும். ஆனால் அதற்குத் தேவையான மின்சாரம் எட்டு மடங்காகும், சத்தம் 15 டெசிபெல் அளவுக்குக் கூடும். அதே அளவுள்ள இன்னொரு விசிறியைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. மெதுவாக ஓடும் மூன்று விசிறிகள், வேகமாக ஓடும் இரண்டைவிட அமைதியாக இருப்பது இதனால்தான்.

ரெண்டருக்கு, செயலி எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடையும் முயன்று பாருங்கள். 65 வாட் நிலையில் சாக்கெட் எல்லை 142இலிருந்து 88 வாட்டுக்கு இறங்கும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் செயலி அந்த மிச்ச வாட்டுகளை எரிக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.

இளவேனில்

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் அளந்தேன்.

முதலில் டிஷ்யூ தாள். கண்ணாடியின் ஓர இடைவெளியில் பிடித்தபோது அது உள்நோக்கி லேசாகச் சாய்ந்து நடுங்கியது, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி வலைக்கு எதிரே பிடித்தபோது இரண்டு விரற்கடை தொலைவிலேயே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வலையில் ஒட்டிக்கொண்டது. மேல்பக்க முன் விசிறியை முன்பக்கத்தின் மூன்றாவது இடத்துக்கு மாற்றி, கண்ணாடிக்குப் பதிலாக அதே பெட்டிக்குத் தனியாகக் கிடைத்த வலை முகப்பைப் பொருத்தினேன். விளையாட்டில் இப்போது பெட்டி மூடிய நிலையிலேயே செயலி 71, கார்டு 74. பலகையைக் கழற்றினால் இரண்டு டிகிரிகூட இறங்குவதில்லை.

அடுத்துக் கூலரைக் கழற்றினேன். படலம் ஏதும் இல்லை. ஆனால் செயலி மூடியின் ஒரு பக்கம் பேஸ்ட் கண்ணாடித்தாள் போல மெலிந்தும், மறுபக்கம் நகத்தால் வழித்தெடுக்கும் அளவுக்குத் திட்டாகவும் இருந்தது. ஒரு திருகை முதலில் முழுவதும் இறுக்கியது நான்தான். அப்போது அது உறுதியாகப் பூட்டுவதாகவே எனக்குப் பட்டது. துடைத்து, புதிதாகப் பேஸ்ட் இட்டு, மாற்றி மாற்றி இறுக்கிய பின் ரெண்டரில் செயலி முழு 142 வாட்டையும் எடுத்துக்கொண்டு 92 டிகிரியில் நிற்கிறது. பூட்டியதிலிருந்து இதுவரை அது 95க்குக் கீழே நின்று நான் பார்த்ததில்லை.

ஈகோ மோடில் அதே கோப்பு: 31 நிமிடம் எடுத்தது 33 நிமிடமானது, வெப்பநிலை 70 டிகிரி, விசிறியின் சத்தம் அறையில் இருக்கிறதா என்று கவனித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பு 5 விநாடி, 70 டிகிரி வரை தட்டையான வளைவு என்று வைத்த பின் அந்தச் சீறலும் நின்றுவிட்டது. அந்த இரண்டு நிமிடத்தை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்கிறேன்.

புதுக் கூலரை இப்போதைக்கு வாங்கப் போவதில்லை. ஒரே ஓர் ஐயம் மட்டும் உண்டு: வலை முகப்பு வந்த பிறகு தூசி வலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

ஆழியலை

நாள் கணக்கு வைக்காதீர்கள், வீட்டுக்கு வீடு தூசி மாறும். வலையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் துடைக்கும் நேரம் வந்துவிட்டது. விசிறிகளின் இதழ்களையும் கூலரின் தகடுகளையும் ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காற்றின் வேகத்தில் அது தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று தாங்கி பழுதாகக்கூடும். இன்று அளந்த அந்த 71, 74 எண்களை அறை வெப்பநிலையோடு சேர்த்து எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே விளையாட்டில் அதே அறை வெப்பநிலையில் 78 காட்டினால், எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.